கரண்ட் போனா எத்தன மணி நேரம் ஓடும்?

லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் தெருவில் ஏழெட்டுப் பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. “ஏனுங்க, இன்வர்ட்டர் போட்டிருக்கீங்களாமா? கரண்ட் போனா எத்தன மணி நேரம் ஓடுமுங்க?”

2012 மின்வெட்டில் வெந்து வெளியே வந்த கோயம்புத்தூர்க்காரர்களிடம் ‘இன்வர்ட்டர்’ என்றால் வேறெதுவும் நினைவுக்கு வராது. ஒரு பேட்டரி, டிஸ்டில்டு வாட்டர், ஒரு ஃபேன், ரெண்டு டியூப்லைட், அவ்வளவுதான். நானும் பொறுமையாகச் சொல்வேன். “கரண்ட் போனா இது ஒரு செகண்டுகூட ஓடாதுங்க. மோட்டாரோட வேகத்தக் கூட்டிக் கொறைக்கறதுக்கு இது.” வந்தவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். “கரண்ட் போனா ஓடாதுன்னா அப்பறம் எதுக்குங்க இத்தன காசு?”

பெயரை மாற்றிப் பார்க்கலாமென்று அடுத்த ஆளிடம் ‘ஏசி டிரைவ்’ என்றேன். மறுநாள் நான் ஷெட்டுக்கு ஏசி போட்டுவிட்டதாகத் தெருவில் பேச்சு. ‘விஎஃப்டி’ என்று மூன்றெழுத்தில் சொன்ன பிறகுதான் கேள்வி நின்றது. புரிந்ததால் நிற்கவில்லை. மூன்றெழுத்து என்றால் ஏதோ வியாதி என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

எனக்கும் பெல்ட்டுக்கும் இருந்த பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ளத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன்.

1984-இல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். நாலு லேத்து, ஒரு ஷேப்பர், ஒரு டிரில்லிங் மெஷின். இத்தனைக்கும் மோட்டார் ஒன்றே ஒன்று. மூலையில், வார்ப்பிரும்பு உடம்போடு, பத்து எச்பி. அதிலிருந்து ஒரு சாண் அகலப் பெல்ட் மேலே ஏறி உத்தரத்தில் தொங்கும் லைன் ஷாஃப்ட்டைச் சுற்றும். ஷாஃப்ட்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பெல்ட் இறங்கும். காலையில் மோட்டாரைக் கிளப்புவது பூசை மாதிரி. எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரின் கைப்பிடியை மேஸ்திரி ஸ்டாரில் தள்ளிவிட்டுக் காதைச் சாய்ப்பார். உறுமல் மெல்ல ஏறும். எந்த இடத்தில் டெல்டாவுக்கு அடிக்க வேண்டும் என்பது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அவர் காதில் இருந்தது. நான் ஒரு நாள் அவசரப்பட்டு முன்னாலேயே அடித்து ஃபியூஸைப் போக்கினேன். ஆறு மெஷினும் நின்றன. ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

லேத்தில் வேகம் மாற்றுவதென்றால் படிப்படியாக இருக்கும் மூன்று கப்பியில் பெல்ட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூங்கில் கோலால் தள்ளிவிடுவது கைதேர்ந்தவர்கள் செய்வது. நான் தள்ளினால் பெல்ட் கழன்று தலையில் விழும். மூன்று படி, பேக் கியரோடு சேர்த்து ஆறு வேகம். பெல்ட் வழுக்கினால் ரோசின் பொடி. பெல்ட்டின் பல்லு விட்டுப்போனால் சுத்தியலும் புதுக் கிளிப்பும். மார்கழி மாதத்தில் பெல்ட்டுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கும், சுருக்கென்று ஒரு கடி கடிக்கும். அப்போதே ஒரு சபதம் எடுத்தேன், சொந்தமாகப் பட்டறை வைத்தால் ஒரு பெல்ட்டைக்கூடக் கையால் தொடமாட்டேன் என்று.

மேஸ்திரிக்கு மோட்டார்மேல் தனிப் பற்று. கோயம்புத்தூருக்குப் பைக்காராத் தண்ணீர் 1930களில் கரண்டாக வந்து சேர்ந்த கதையையும், 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்ளூரிலேயே மோட்டார் செய்து காட்டிய கதையையும் தானே பக்கத்தில் நின்று போல்ட் முறுக்கியவர் மாதிரி சொல்வார். பிளேட்டில் 1440 என்று போட்டிருந்ததைக் காட்டி ஒரு முறை பாடம் எடுத்தார். “கரண்ட்டு ஆயிரத்தி ஐநூறு சுத்துல ஓடுது கண்ணு. இவன் பின்னாலயே அறுவது சுத்து கம்மியா ஓடறான். சரிக்குச் சரி ஓடிட்டான்னு வெய்யி, இவனுக்கு வேலையே இல்ல, பலமும் இல்ல. பின்தங்கறதுதான் இவன் பொழப்பு.” பிறகு படித்த எந்தப் புத்தகமும் இண்டக்‌ஷன் மோட்டாரை எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை. ஐம்பது ஹெர்ட்ஸ், நாலு போல், அதனால் 1500. அதில் அறுபது போக 1440. வேகத்தை மாற்றவேண்டும் என்றால் ஒன்று போலை மாற்று, இல்லை ஐம்பதை மாற்று. ஐம்பது என்பது மின்சாரம் தயாராகிற இடத்தில் ஊருக்கே சேர்த்து முடிவாகிற எண். ஒரு லேத்துக்காக அதை யார் மாற்றுவார்கள்?

மாற்றுகிற பெட்டியை டென்மார்க்கில் டான்ஃபாஸ் 1968-லேயே தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், 1984-இல் எங்கள் முதலாளி புதுப் பெல்ட்டுக்கே மூன்று தடவை யோசிப்பவர்.

முப்பது வருடம் கழித்து வாடகை கட்டுப்படியாகாமல் என் சொந்தப் பட்டறையை மூடினேன். மற்ற மெஷின்களை விற்றுவிட்டு ஒரே ஒரு லேத்தை மட்டும் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இறக்கினேன். பழைய படிக்கப்பி லேத்து, 3 எச்பி மோட்டார். ஷெட்டுக்கு இருந்ததோ தனி மீட்டரோடு சிங்கிள் ஃபேஸ். முதலில் தோட்டத்துக்காரர்கள் ரெண்டு ஃபேஸில் கண்டன்சர் போட்டுக் கிணற்று மோட்டாரை ஓட்டுகிற வித்தையைத்தான் யோசித்தேன். ஓடும், ஆனால் முனகிக்கொண்டே ஓடும், பாரம் ஏற்றினால் சூடாகும். அப்போதுதான் டிரைவ் விற்கிற பையன் சொன்னான்: “சார், உள்ள சிங்கிள் ஃபேஸ் குடுங்க, வெளிய த்ரீ ஃபேஸ் எடுங்க. வேகத்துக்கு வால்யூம் இருக்குது. இனி பெல்ட்டே மாத்த வேண்டாம்.”

பெல்ட்டே மாற்ற வேண்டாம். அந்த மூன்று வார்த்தைக்குத்தான் காசு கொடுத்தேன்.

சிக்கல் அன்று சாயங்காலமே வந்தது. 230 வோல்ட்டை உள்ளே வாங்குகிற பெட்டி 230-க்கு மேல் வெளியே தராது. என் மோட்டாரோ 415-க்கு ஸ்டாரில் கட்டியது. டெல்டாவாக மாற்றிக் கட்டினால் 240-இல் முழுப் பலத்தோடு ஓடும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு, மோட்டாரின் டெர்மினல் மூடியைத் திறந்தேன். ஆறு வயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் எட்டிப் பார்த்தது. ஸ்டார் முடிச்சை உள்ளேயே போட்டு, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிப் புதைத்திருந்தார்கள். ரீவைண்டிங் கடைக்காரர் மோட்டாரைப் பிரித்து, காயிலின் தலைப்பில் ஒவ்வொரு நூலாக அறுத்து, பல் டாக்டர் மாதிரி நோண்டி அந்த முடிச்சைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. வார்னிஷ் அங்கங்கே உதிர்ந்தது. “பழைய காயில்ங்க. இந்தப் பொட்டி வெட்டி வெட்டிக் குடுக்கற கரண்ட்ட எத்தன நாளைக்குத் தாங்கும்னு சொல்ல முடியாது” என்றார். எனக்குக் கோபம். அப்போது பெட்டிமேல் யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

(அவர் சொன்னது சரிதான். பெட்டி வருகிற கரண்ட்டை நேர்மின்சாரமாக்கி, 325 வோல்ட் வாக்கில் கண்டன்சரில் தேக்கி, அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை துண்டு துண்டாக நறுக்கித்தான் மூன்று ஃபேஸ் மாதிரி அடுக்கித் தருகிறது. மோட்டாரின் இரும்புக்கும் செம்புக்கும் அது அலை மாதிரி தெரிகிறது. வார்னிஷுக்கு மட்டும் அது நொடிக்கு ஆயிரக்கணக்கான அடி. மெயினை ஆஃப் செய்த பிறகும் அந்தக் கண்டன்சர் சில நிமிடம் உயிரோடிருக்கும். கையை வைக்குமுன் ஒரு டீ குடித்துவிட்டு வருவது நல்லது.)

முதல் நாள் ஓட்டம் மறக்க முடியாதது. பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லாமல் சக் நகர ஆரம்பிக்கிறது. வால்யூமைத் திருப்பினால் வேகம் பால் பொங்குகிற மாதிரி ஏறுகிறது. ஸ்டார்ட்டர் அடிக்கிற ‘டங்’ இல்லை, பல்பு மங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேஸ்திரிக்கு ஃபோன் போட்டேன். எழுபத்தைந்து தாண்டிவிட்டது அவருக்கு. மகன் வண்டியில் வந்து இறங்கினார், கையில் எப்போதும் போலச் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ.

அன்றைக்கென்று ஒரு வேலையும் வந்திருந்தது. பத்து அங்குல வார்ப்பிரும்புத் தட்டு. முகம் கடைய வேண்டும். ஹைஸ்பீடு டூலுக்கு அந்த விட்டத்தில் நிமிடத்துக்கு இருபத்தைந்து சுற்றுதான் சரி. பெல்ட் நடுப்படியில், பேக் கியர் இல்லாமல், ஐம்பது ஹெர்ட்ஸில் 250 சுற்று ஓடும். அப்படியானால் ஐந்து ஹெர்ட்ஸ். வால்யூமைக் குறைத்தேன். சக் அழகாக, தேர் மாதிரி, இருபத்தைந்தில் சுற்றியது.

“பாருங்க மேஸ்திரி. பெல்ட்டும் தொடல, கியரும் தொடல.”

டூலைக் கொடுத்தேன். ஒரு முடி அளவு வெட்டியது. அப்புறம் சக் நின்றுவிட்டது. பெட்டி தன் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு மௌனமானது. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. தட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, நான் பதினைந்து வயதில் கேட்ட அதே தொனியில்: “பேக் கியரப் போடு கண்ணு.”

பெட்டியின் மேல் தப்பில்லை. திருப்புவிசை அப்படியே இருக்க, வேகம் பத்தில் ஒன்றானால் பலமும் பத்தில் ஒன்று. மூன்று குதிரையை வைத்துக்கொண்டு நான் முக்கால்வாசிக் குதிரையை அல்ல, பத்தில் மூன்று பங்குக் குதிரையை வெட்ட அனுப்பியிருந்தேன். அதுவே பேக் கியர் வேகத்தை எட்டில் ஒன்றாக்கினால் திருப்புவிசையை எட்டு மடங்காக்கும். கியரைப் போட்டு நாற்பது ஹெர்ட்ஸ் வைத்தேன். அதே இருபத்தைந்து சுற்று. தட்டு வெண்ணெய் மாதிரி கடைந்தது. முப்பது வருடம் பெல்ட்டை ஒழிக்கக் காத்திருந்தவன், இன்வர்ட்டர் போட்ட முதல் வேலையில் மூடியைத் திறந்து, கையில் கிரீஸோடு கியர் மாற்றினேன்.

பிறகும் நான் விடவில்லை. கையேட்டில் ‘டார்க் பூஸ்ட்’ என்று ஒரு பாராமீட்டர் இருந்தது. குறைந்த வேகத்தில் கொஞ்சம் கூடுதல் வோல்ட் கொடுக்கும். ஏற்றினேன். இழுத்தது. கூடவே மோட்டாரும் இட்லிக் குண்டா மாதிரி கொதித்தது. அதன் விசிறி அதன் ஷாஃப்ட்டிலேயே இருக்கிறது. பத்து ஹெர்ட்ஸில் மோட்டார் மெல்லச் சுற்றினால் விசிறியும் மெல்லத்தான் சுற்றும், வியர்க்கிறவனே தனக்கு விசிறிக்கொள்வது மாதிரி. அதற்குத் தனியாக ஒரு ஃபேன் வாங்கிப் பின்னால் மாட்டினேன். வழுக்கும் பெல்ட்டுக்கு ரோசின் பொடி தூவியதும் இதுவும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றவில்லை. ரோசின் பொடி சல்லிசு.

அப்புறம் அந்த முன்-பின் சுவிட்ச். லேத்தின் தலையிலேயே இருக்கும் பழைய டிரம் சுவிட்ச். முன்னால் தள்ளினால் நேர் ஓட்டம், பின்னால் இழுத்தால் எதிர் ஓட்டம். அதைக் கழற்ற மனசில்லாமல் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே விட்டுவைத்திருந்தேன். பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்தச் சுவிட்சும் இருக்கக்கூடாது என்று கையேட்டின் ஆரம்பப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. தடித்த எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? மேஸ்திரி ஒரு நாள் ஆசையாக ஒரு மரை போட்டுப் பார்க்கிறேன் என்று நின்றார். டூல் கடைசிக்கு வந்ததும் நாற்பது வருடப் பழக்கத்தில் கைப்பிடியை நேரிலிருந்து எதிருக்கு ஒரே இழுப்பு. பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாசம். அந்தப் பழைய மோட்டார் இந்த இழுப்பை ஆயிரம் தடவை வாங்கியிருக்கும், ஒரு முனகலோடு எதிர்த்திசையில் ஓடியிருக்கும். பெட்டி ஒரு தடவைகூடத் தாங்கவில்லை. பழுது பார்க்கிறவர் மூடியைத் திறந்து, “ஐஜிபிடி போயிருச்சுங்க. புதுசே வாங்கிக்கங்க” என்றார்.

மேஸ்திரி வருத்தப்பட்டார், என்னைவிட அதிகமாக. “நான் ஒண்ணும் பண்ணல கண்ணு. சும்மா திருப்புனேன்.”

“தப்பு என்னோடதுங்க மேஸ்திரி.” உண்மையும் அதுதான்.

இரண்டாவது பெட்டியில் புத்தி வந்தது. அதே டிரம் சுவிட்ச், அதே பித்தளைக் கைப்பிடி. ஆனால் இப்போது அதற்குள் ஓடுவது 24 வோல்ட் சிக்னல் மட்டும். மோட்டார் கரண்ட் அந்தப் பக்கமே வராது. வீட்டுப் பெரியவரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முடிவை வேறு யாரோ எடுப்பது மாதிரி. எதிருக்கு இழுத்தால் பெட்டி முதலில் வேகத்தைக் குறைத்து, நின்று, பிறகுதான் திரும்பும். “யோசிச்சுத் திரும்புது” என்றார் மேஸ்திரி. பாராட்டா குறையா, தெரியவில்லை.

அந்த யோசனை நேரத்தைக் குறைக்கிறேன் என்று நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். பெரிய சக்கை வேகமாக நிறுத்தினால் மோட்டாரே ஜெனரேட்டராகிப் பெட்டிக்குள் வோல்ட்டைத் திருப்பித் தள்ளும். பெட்டி பயந்து டிரிப் ஆகிவிடும். அதைச் சூடாக்கி எரிக்க ஒரு பிரேக் ரெசிஸ்டர் வாங்கி மாட்டி, நிற்கும் நேரத்தை ஒரு செகண்டுக்கு இறக்கினேன். ஸ்பிண்டில் அப்படியே நின்றது. சக் நிற்கவில்லை. என் லேத்தில் சக் மரையால் முறுக்கியது. ஸ்பிண்டில் சட்டென்று நின்றால் சக் தன் வேகத்தில் தானே கழன்றுகொள்ளும். முக்கால் சுற்று கழன்று நின்றதைப் பார்த்த அன்று எனக்குக் காபி இறங்கவில்லை. இப்போது ஆறு செகண்ட். பட்டறையில் பெல்ட்டைச் சும்மாக் கப்பிக்குத் தள்ளிவிட்டால் சக் நிற்க ஆகிற நேரமும் ஏறக்குறைய அதேதான்.

எல்லாம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் பாவம். முகம் கடையும்போது டூல் நடுவுக்குப் போகப் போக வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரே பளபளப்பு. அதைவிட, வெட்டும்போது திடீரென்று வேலையும் டூலும் சேர்ந்து கிறீச்சிட ஆரம்பிக்கும், பரப்பெல்லாம் அலையலையாகிவிடும். முன்பெல்லாம் டூலைத் தீட்டி, உயரம் மாற்றி, திட்டி, கடைசியில் பெல்ட்டை மாற்றுவோம். ஆறு வேகத்தில் எதுவும் சரியாக உட்காராது. இப்போது குமிழை ஒரு நூல் அளவு திருப்பினால் கிறீச்சல் வாயை மூடிக்கொள்கிறது. வேகத்தைக் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ அல்ல, கொஞ்சம் விலகி நிற்பதற்குத்தான் இந்தப் பெட்டி. இது கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. விற்ற பையனுக்கும் தெரியாது.

சத்தம் ஒன்றுதான் மிச்சம். மோட்டாரில் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். நறுக்குகிற வேகத்தை 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12-க்கு ஏற்றினேன்; சுத்தமாக நின்றுவிட்டது. பெருமையாக இருந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை ஷெட்டுக்குள் வந்து காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடும்வரை. சத்தம் நிற்கவில்லை. லேத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று போனது என் காது.

பெட்டி கூடச் சூடானதால் மறுபடி எட்டுக்கு இறக்கினேன். மேஸ்திரி இன்னும் மாதம் ஒரு முறை வருகிறார். லேத்தை ஓட்டினால் அவருடைய மீடியம் வேவ் ரேடியோவில் பாட்டு செத்து ‘ர்ர்ர்’ என்று இரைச்சல் மட்டும் வரும். வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டேன், எர்த்தை இறுக்கினேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ரேடியோவை அணைக்கவில்லை. மோட்டார் பக்கமாகத் திருப்பி ஸ்டூலின்மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குமிழைத் திருப்பத் திருப்ப அந்த ‘ர்ர்ர்’ கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, பழைய ஸ்டார்ட்டரில் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்குப் போகும் முன் உறுமல் ஏறுமே, அந்த மாதிரி.

“நாப்பதா?”

டிஸ்பிளேயைப் பார்த்தேன். 41.50.

“நாப்பத்தொண்ணரைங்க மேஸ்திரி.”

“பெல்ட்டு எந்தப் படியில கெடக்குது?”

“நடுவுலீங்க.”

“கீழ போடு” என்றார், கண்ணைத் திறக்காமல். மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன்.